பூச்சும் பொட்டும் புரட்டும்

முகத்திற்குப் பூசும் பவுடர், சாந்து, மை, குங்குமம் முதலியவைகளைப்பற்றிப் பகுத்தறிவுப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். மனிதன் கோவிலில் மாத்திரம் ஏமாறுவதில்லை, கடையிலும் ஏமாறுகிறான். கோவிலில் ஏமாறினால் பணம் போகும். கடையில் ஏமாறினால் பணத்தோடு தோலும் போகும்.

முதலில் ஒட்டுப்பொட்டின் சங்கதியைப் பார்ப்போம். பல வருஷம் ஒட்டுப்பொட்டு வைத்துவரும் பெண்களில் சிலருக்கு நெற்றியில் அரிப்புக் கண்டு, பிறகு அவ்விடம் கறுத்துவிடுகிறது, அல்லது வெளுத்துவிடுகிறது. உடனே வீட்டார் கண்ணேறு என்கிறார்கள், குலதெய்வக் குற்றம் என்கிறார்கள். அக்கம்பக்கத்தார் "வெண்குஷ்டம்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கலியாணமாகாத பெண்ணானால் அவள் கதி என்னவென்று சொல்லவேண்டியதில்லை. தெய்வக் குற்றமென்றால் அது பொட்டின் அளவுக்குச் சரியாக வட்டமாக வருவானேன்? பொட்டின் பசையில் சேர்க்கப்படும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் சரக்கு, தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களைக் கெடுத்துவிடுவதே இந்த வெளுப்புக்குக் காரணம். இதற்கும் குஷ்டத்திற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆரம்பத்திலேயே பொட்டை நிறுத்தித் தோல் வைத்தியரிடம் போனால் பலருக்கு நிறம் திரும்பக்கூடும்.

ஆனால் நிறுத்த விடுகிறார்களா? "சுமங்கலியின் நெற்றி வெறுமையாக இருக்கலாமா?" என்கிறார்கள். பெண்சாதியின் ஆயுளுக்காகப் புருஷன் எந்தப் பசையை நெற்றியில் ஒட்டிக்கொள்ளுகிறான்? புண்ணாகிறது அவள் தோல். பொட்டு வேண்டுமா வேண்டாமா என்பதும் அவள் தீர்மானமாகத்தான் இருக்கவேண்டும். குங்குமமும் அப்படியே. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்வது ஒன்று. சாயப் பொடியைக் கலந்து விற்பது வேறொன்று. பிரசாதத் தட்டில் வைத்ததனால் சாயத்தின் குணம் மாறிவிடாது.

இனிக் கடைக்காரர் மந்திரத்தைப் பார்ப்போம். "ஹைப்போஅலர்ஜெனிக்", அதாவது உடம்புக்குத் தொந்தரவு குறைவு என்று டப்பியில் அச்சடிக்கிறார்கள். அமெரிக்காவில் 1975-இல், இவ்வார்த்தையைப் போடுகிறவர்கள் சோதித்து ருஜுப்பிக்க வேண்டுமென்று சர்க்கார் விதி செய்தது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1977-இல் அந்த விதி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. இன்றும் அங்கே அவ்வார்த்தைக்குச் சட்டப்படி அர்த்தம் இல்லை.

"மூலிகையால் செய்தது, கெடுதல் இல்லை" என்பது இன்னொரு மந்திரம். சேராங்கொட்டையும் மரத்தில் விளைவதுதான். அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கவில்லையா? சுத்தமான மருதாணி சிவக்கும், கறுக்காது. "கறுப்பு மருதாணி" என்று விற்பதில் பெரும்பாலும் தலைச்சாயத்திலுள்ள பாரா பினைலீன் டைஅமீன் கலந்திருக்கும். அது ஒருவர் உடம்புக்கு ஒருமுறை ஆகாமற்போனால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் ஆகாது. பிறகு தலைச்சாயம் இட்டாலும் முகம் வீங்கும்.

சிவப்பே அழகென்னும் மூடநம்பிக்கை இவை எல்லாவற்றிலும் கொடியது. மலப்புறம் ஜில்லா கோட்டக்கல்லில் 2023-இல் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களை வைத்தியர்கள் விசாரித்தபோது, பலர் நிறம் வெளுக்கக் களிம்பு பூசியவர்கள் என்று தெரிந்தது. அக்களிம்புகளில் பாதரசம் இருந்தது. தயாரித்தவர் விலாசமும் சரக்குப் பட்டியலும் இல்லாத களிம்பைத் தொடவே கூடாது.

சரி, எதை வாங்குவது? சரக்குப் பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. வாசனை சேர்க்காததாகப் பார்க்கவேண்டும். "மணமற்றது" என்பதிலும் நாற்றத்தை மறைக்க வாசனை கலப்பதுண்டு. வாங்கியதை உடனே முகத்தில் அப்பாமல், முழங்கைக்குள்புறம் சிறிதளவு தினம் இருவேளையாக 7 முதல் 10 நாள் தடவிப் பார்க்கவேண்டும். தலைச்சாயமானால் ஒவ்வொரு தடவையும் 48 மணி நேரம் முன்னதாகச் சிறிதளவு தடவிப் பார்க்கவேண்டும். முன்னமே ஒருமுறை வீங்கியிருந்தால் அந்தச் சோதனையும் கூடாது. புதிய பூச்சு ஒன்றுக்குமேல் ஒரே சமயத்தில் ஆரம்பித்தால் குற்றவாளி எதுவென்று தெரியாது. கண் மையைப் பிறரோடு பங்கிடக்கூடாது. அரிப்புக் கண்டால் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தியரிடம் போகவேண்டும். எந்தச் சரக்கு ஆகவில்லை என்பதை முதுகில் ஒட்டிப் பார்த்துச் சொல்லும் பரீட்சை 1895 முதல் இருந்துவருகிறது.

ஆகவே தோழர்களே, அலங்காரம் செய்துகொள்வதும் செய்துகொள்ளாததும் அவரவர் இஷ்டம். ஆனால் சாமியார் சொன்னாலும் டப்பி சொன்னாலும், சோதித்துப் பாராமல் நம்பாதீர்கள். உங்கள் வீட்டுப் பெண் நெற்றி எரிகிறதென்று சொன்னால் பூசாரியைத் தேடாதீர்கள். முதலில் பொட்டை எடுத்து எறியுங்கள்.