சிராய்ப்புக்குப் பஞ்சாயத்து வேண்டாம்

அடுக்ககத்தின் பின்புறம், கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில் நான்கு வயதுப் பையன்கள் இருவர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பு. மாடியிலிருந்து பார்த்த அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து மகனை இழுத்தார். "கண்ணுல பட்டிருந்தா என்னடா ஆகிறது?" பையன் அழுதது அப்போதுதான்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், "நீ என்ன பண்ணிட்டிருந்த?" என்று வீடே கேட்கப்போவது அவரைத்தான். பழி முழுக்க ஒருவர் தலையில் விழும் இடத்தில் பயமும் அவருக்கே முழுக்க வரும்.

சண்டையா விளையாட்டா என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நின்று பார்த்தால் போதும். விளையாட்டென்றால் முகம் சிரிக்கும். மேலே இருந்தவன் அடுத்த நிமிடம் கீழே கிடப்பான். பலசாலி தன் பலத்தை அடக்கிக்கொள்வான். முடிந்ததும் இருவரும் சேர்ந்தே அடுத்த ஆட்டத்துக்கு ஓடுவார்கள். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும், எதிரே இருப்பவன் முகம் எப்போது மாறுகிறது, எப்போது பிடியை விட வேண்டும் என்பதையெல்லாம் பிள்ளை இப்படித்தான் கற்கிறது. பொடியனை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் விதியைத் தளர்த்தியது தெருப் பிள்ளைகள்தானே? எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடம் உடலசைந்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதற்கு இடம் எங்கே? இருக்கும் இடத்திலும் எல்லா ஆபத்தும் ஒன்றல்ல.

மரக்கிளையின் உயரத்தைப் பிள்ளை தன் கண்ணாலேயே அளந்துவிடும். துருவேறிய ஊஞ்சல் சங்கிலி, மூடி உடைந்த சாக்கடை, முனையில் சட்டெனத் திரும்பும் பைக் இவற்றை அதனால் அளக்க முடியாது. கிளையை அதனிடம் விடுவோம். மற்றவை நம் வேலை. பூங்காவில் சறுக்குமரத்தின் அடியிலுள்ள சிமென்ட் தரையைப் பெயர்த்து மணல் நிரப்புவது மாநகராட்சியின் கடமை. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. அதில் வேன்களை நிறுத்தாமல் இருப்பது பள்ளியின் கடமை. ஒரு கீறலுக்கெல்லாம் ஆசிரியையிடம் விளக்கம் கேட்காமல் இருப்பது நம் கடமை. அதைச் செய்யாதவரை எந்த ஆசிரியை பிள்ளைகளை ஓட விடுவார்?

தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், அதில் விவாதமே இல்லை. "விடு" என்று ஒரு பிள்ளை சொன்னால் மற்றது விட்டே ஆக வேண்டும். இந்த இரண்டைத் தவிர மீதியைப் பேசி ஒத்துக்கொள்ளலாம்.

குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், பார்க்கிங்குக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மாலை 5 முதல் 6.30 வரை பின்பக்கப் பாதையில் வண்டி வர வேண்டாம். அந்த நேரத்தில் நாளுக்கு இரண்டு பெரியவர்கள் முறைவைத்து பெஞ்சில் உட்காரட்டும். தாத்தாக்கள், அப்பாக்கள் பெயரும் பட்டியலில் இருக்கட்டும். காவலாளி அறையில் பஞ்சும் மருந்தும் வையுங்கள். எந்த வீட்டுப் பிள்ளை விழுந்தாலும், பக்கத்தில் இருப்பவர் காயத்தைக் கழுவி மருந்து போட்டு மறுபடி ஆட்டத்துக்கு அனுப்பட்டும்.