ஈரச் சுவரும் இல்லத்து நலமும்

வைகாசி பிறந்து தென்மேல் பருவக்காற்று மலையேறத் தொடங்கிவிட்டால், மலைநாட்டுக் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான். துணி காயவில்லை, பாய் ஈரமாகிவிட்டது, பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை. பெட்டியிலே மடித்து வைத்த கலியாணச் சேலையிற் கரும்புள்ளி விழுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் புத்தகம் ஊறிப் பருத்து நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மழையின் மேற் பழியைப் போட்டுவிட்டு நாம் வாளாவிருந்து விடுகிறோம். மழை பெய்யத்தான் செய்யும். அந்த நீர் எவ்வழியாக வீட்டுக்குள் வந்தது என்பதன்றோ நாம் கேட்க வேண்டிய கேள்வி?

வழி ஒன்றன்று. வட்டவளைப் பகுதியிலே ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டுகிறது. நுவரெலியாவில் பெய்வதோ அதிற் பாதிக்கும் குறைவு. ஆயினும், கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே அமைந்த அவ்வூரில், மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களிலும் விடியற்காலையிற் தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறது. கூரை ஒழுகுகிறதென்று எண்ணி ஆணித் துளைகளுக்குத் தார் பூசுவோர் உண்டு. அதனாற் பயனில்லை, அது வெளியிலிருந்து வந்த நீரன்று. உறங்குகின்ற ஒருவரின் மூச்சும் வியர்வையும் ஓரிரவில் ஏறக்குறையக் கால் லீற்றர் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. 10 அடிக்கு 12 அடியான காம்பராவில் ஐவர் படுத்தால் ஒரு லீற்றருக்கு மேலாயிற்று. அடுப்பிற் கொதிக்கும் சோற்றுப் பானையும், கொடியில் தொங்கும் ஈரக் கம்பளியும் வேறு. அவ்வாவி, பனியிற் குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் மீண்டும் நீராகி நம் தலையிலேயே விழுகிறது.

தம் வீட்டு ஈரம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மாணவர்களே சோதித்துச் சொல்லிவிடலாம். ஒரு சாண் சதுரமான பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுவிடுங்கள். அறையை நோக்கிய புறத்திலே நீர் அரும்பினால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரை நோக்கிய புறத்தில் அரும்பினால், நீர் மண்ணிலிருந்தோ பின்மேட்டிலிருந்தோ வருகின்றது.

இந்தப் பின்மேடுதான் நம்மவர்க்குப் பெருந்தொல்லை. மலைச்சரிவை வெட்டி மட்டமாக்கிய இடத்திலே எழுப்பப்பட்ட லயங்கள் பல. பின்சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்பதால், பட்டணத்து மாளிகையின் நிலவறைக்கு வரும் கேடெல்லாம் நிலவறையே இல்லாத லயத்துக்கும் வந்து சேர்கின்றது. இதற்கு மருந்து சுவரில் இல்லை, மேட்டில் இருக்கிறது. மேட்டின் உச்சிக்குப் பின்னாலே ஒரு கான் வெட்டி, மேலிருந்து வரும் நீரை லயத்துக் கோடிக்கு அப்பாற் திருப்பிவிட வேண்டும். அடுத்து, சுவரடியிலே இன்னொரு கான். அதன் அடிமட்டம் காம்பராத் தரைக்கு அரை அடியாவது கீழே இருத்தல் அவசியம். தேயிலை மலையிற் கான் வெட்டிப் பழகியவர்களுக்கு நாம் வாட்டம் பார்க்கக் கற்றுக் கொடுக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம். இடம் போதவில்லை என்று மேட்டின் அடியை மேலும் செங்குத்தாக வெட்டலாகாது. அது மேட்டையே வீட்டின் மேற் சரித்துவிடும்.

கான் வெட்டிய மறுநாளே சுவர் உலர்ந்துவிடாது, மாதங்கள் செல்லும். அதற்குள் பொறுமையிழந்து சீமெந்து பூசுவது பலர் செய்யும் தவறு. கல்லும் களிமண்ணுமாகக் கட்டிய பழைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சு இறுக்கமான சட்டை போன்றது. வெளியேற வழியற்ற ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறுகிறது. ஓரிரு ஆண்டுகளிற் பூச்சு உப்பி உதிர்கிறது. நம் பாட்டிமார் பூசிய சுண்ணாம்பே மேல். ஈரத்தை வெளியே விடும். பூஞ்சணத்தையும் எளிதில் அண்டவிடாது. தரையைப் புதிதாகப் போடுவோர் நாலு அங்குலம் உடைகல் பரப்பி, அதன் மேற் பொலித்தீன் விரித்து, பிறகு கொங்கிறீற்று இடுவார்களாக.

முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்திலே பின்சன்னல் இல்லை. காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேற வழியேது? வெயில் தலைகாட்டும் வேளையிற் கதவைத் திறந்து வைப்பதும், ஈரத் துணியை இஸ்தோப்பிலேயே உலர்த்துவதும், பெட்டியைச் செங்கல் மீது ஏற்றிச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும்தான் கைக்கெட்டிய உபாயங்கள். பூஞ்சணத்தை உலர்ந்த விளக்குமாற்றாற் தட்டினால் அதன் நுண்துகள் அறையெங்கும் பறக்கும். சவர்க்கார நீர் தோய்ந்த துணியாற் துடையுங்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. ஆனால், குளிரும் ஈரமும் போக வேண்டுமென்று கரி நெருப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவடைத்து உறங்குவதை மாத்திரம் செய்யாதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் போக்கிவிடும்.

நிற்க. கூரையும் அத்திவாரமும் மேட்டுக்கு அணைச்சுவரும் குடியிருப்போர் கூலிக்காசிற் செய்யக்கூடியவை அல்ல. அவை நிர்வாகத்தின் கடமை என்பதே எமது அபிப்பிராயம். ஒரு காம்பராக்காரர் தனியாகப் போய்க் கேட்பதை விட, லயம் முழுவதும் சேர்ந்து, எந்தச் சுவரில் எப்பக்கம் ஈரம் என்று எழுதிக் கொடுப்பது நன்று. இந்திய உதவியுடன் கட்டப்படும் தனி வீடுகளுக்குக் குடிபோவோரும் வர்ணம் பூசுமுன் பின்புறக் கானைப் பார்த்துக்கொள்ளட்டும். 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டபோது நாமும் மகிழ்ந்தோம்; ஆனால் புது வீட்டுக்கும் மலைநீர் பழைய நீர்தான்.

2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கன மழையின்போது பின்மேட்டிற் கசியும் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி வந்தாலும், ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோனாலும், புதிய இடத்தில் நீர் பீறிட்டாலும், நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்புக் கண்டாலும், நேற்றுவரை சாத்திய கதவு இன்று சட்டத்திற் சிக்கினாலும், அது துடைத்துவிடக்கூடிய ஈரமன்று. பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு அப்போதே மேட்டுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும். கிராம சேவகருக்கு அறிவிப்பதும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து நிலத்தைப் பார்ப்பதும் அதற்குப் பின்னர் நடக்கட்டும்.