பட்டையை வாங்கலாம், பொறுமையை வாங்க முடியுமா?



தென்னூரிலும் பாலக்கரையிலும் உறையூரிலும், காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கத்திலும், மாலை வேளைகளில் பிள்ளைகள் கராத்தே பயில்கிறார்கள், கம்பு சுழற்றுகிறார்கள். நம் வீட்டு ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் அவர்களுள் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வகுப்பு முடியும் நேரத்தில் வாசலில் நிற்கும் நாம் ஆசானிடம் கேட்கும் முதற்கேள்வி என்ன? "அடுத்த பெல்ட் எப்போது?" என்பதுதான். "பிள்ளையின் நிற்கும் நிலை சீராகிவிட்டதா?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

அந்த ஒரு கேள்வியே இன்று ஒரு சந்தையை உருவாக்கிவிட்டது. சில மாதங்களுக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கொரு கட்டணம், கட்டணத்திற்கொரு வண்ணப் பட்டை, கூடவே ஒரு சான்றிதழ், ஒரு கோப்பை. குற்றத்தை ஆசான்கள் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையன்று. வாங்குவோர் இருப்பதால்தான் விற்போர் இருக்கின்றனர். ஒரே அடவை மூன்று மாதம் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஆசானை, "ஒன்றும் சொல்லித் தருவதில்லை" என்று விட்டு விலகியவர்கள் நாம்தாம்.

பட்டையின் வரலாற்றை அறிந்தால் இந்த அவசரம் நமக்கே வெட்கத்தைத் தரும். 1882இல் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ தம் மாணவர்களின் நிலையைக் குறிக்க ஏற்படுத்தியதே கருப்புப் பட்டை. கராத்தேயில் அதை 1924இல் முதன்முதலாக வழங்கியவர் கிச்சின் புனகோஷி. அவரோ தம் இளமையில் பட்டை என்ற ஒன்றையே காணாமல், ஆசானின் வீட்டு முற்றத்தில் இரவு இரவாகப் பயின்றவர். மூன்று கட்டாக்களைக் கற்க அவருக்குப் பத்தாண்டுகள் ஆயின. கருப்புப் பட்டையின் முதல் படிக்கு ஜப்பானிய மொழியில் 'ஷோடான்' என்று பெயர். தொடக்க நிலை என்பது அதன் பொருள். தொடக்கத்தை முடிவென்று எண்ணி, பட்டை கிடைத்த மறுமாதமே பிள்ளையின் பயிற்சியை நிறுத்திவிடுகிறோம்!

இதே நாம் மதரஸாவில் இப்படி நடந்துகொள்வதில்லை. குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளை அன்றாடம் புதுப்பாடத்தை ஓதுவதோடு பழைய பாடத்தையும் ஓதிக் காட்ட வேண்டும். ஓர் எழுத்தின் உச்சரிப்பு பிழையானால் உஸ்தாத் மீண்டும் ஓதச் சொல்வார். ஹாஃபிழ் பட்டம் மூன்று மாதத்தில் கிடைக்குமா என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் ஊர் சிரிக்கும். நாவுக்கு இத்தனை ஆண்டுப் பழக்கம் தேவையென ஏற்கும் நாம், கைகால்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

நற்செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் விடாது தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்றும் உணர்த்தினார்கள். அவசரமாகக் கற்ற பிள்ளைக்கு அடிக்கத் தெரியும். அடிக்காமல் இருக்கத் தெரியாது. கோபத்தில் உயர்ந்த கையைத் தாழ்த்தும் வலிமை, சலிப்பூட்டும் பயிற்சியை நாள்தோறும் சகித்துச் சகித்துத்தான் வருகிறது.

"பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டாமா? பட்டைதானே ஊக்கம்?" என்பார்கள். வேண்டும், பட்டையையும் நாம் வெறுக்கவில்லை. உழைத்துப் பெற்ற பட்டை ஊக்கம் தரும். உழைக்காமல் பெற்ற பட்டையோ, தனக்குத் தெரியாததைத் தெரியுமென நம்பவைத்து ஆபத்தில் தள்ளும். தெருவில் ஒருநாள் உண்மையான தாக்குதல் நேரும்போது அந்தச் சான்றிதழ் நம் மகளைக் காக்குமா?

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் ஒரு பகுதியாக, களரிப்பயட்டும் மல்லர் கம்பமும் நம் திருச்சியில் நடந்தன. கம்பத்தின் உச்சியில் ஒரு சிறுவன் தலைகீழாக நிற்பது சில நொடிகளே. அதற்குப் பின்னால் எத்தனை ஆண்டுகளின் வியர்வை! ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமும் நம் கண்முன்னே நிற்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்றது, 1987இல்தான் பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயர்ந்து முழுமை பெற்றது. அடித்தளம் உறுதியாக இருந்ததால்தான் அத்தனை நிலைகளையும் அதன்மேல் எழுப்ப முடிந்தது. நம் சமயம் வேறு. ஆயினும் அண்டை வீட்டின் உழைப்பிலிருந்து பாடம் கற்பதில் நமக்கென்ன தயக்கம்?

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை வாசலில் நிற்கும்போது கேள்வியை மாற்றுவோம். "இன்று எதைத் திருத்தினீர்கள்?" என்று ஆசானிடம் கேட்போம். வீட்டில் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், மஃரிபுக்கு முன்போ ஃபஜ்ருக்குப் பின்போ, பிள்ளை அதே அடவைச் செய்யட்டும். நாமும் அருகில் அமர்ந்திருப்போம். கைப்பேசியைத் தூர வைத்துவிட்டு அந்தக் கால்மணி நேரம் அமர்ந்திருக்க நமக்கே பொறுமை இல்லையெனில், பிள்ளையிடம் அதை எந்த முகத்தோடு கேட்பது?

நம் பிள்ளைகளுக்கு வலிமையையும், அவ்வலிமையைக் கட்டியாளும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.