இரத்த உறவும் இரகசியமும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தினத்தில் நம் நாட்டின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிக்கப்பட்டன. தற்கொலைதாரிகளில் இருவர் உடன்பிறந்த சகோதரர்கள். அன்றே தெமட்டகொடையிலுள்ள அவர்களது வீட்டுக்குப் பொலிஸார் சென்றபோது, ஒருவரின் மனைவி குண்டை வெடிக்கச் செய்தார். அவரது பிள்ளைகளும் மூன்று பொலிஸாரும் மாண்டனர். ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் சஹ்ரானின் தந்தையும் இரு சகோதரர்களும், பெண்களையும் சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டு மடிந்தனர்.

பயங்கரவாதம் ஏன் குடும்பத்தை நாடுகிறது? தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாம், கடிதத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரே சஹனில் உண்ணும் சகோதரர்களின் பேச்சை யார் கேட்பது? ஒசாமா பின் லாதின் ஒளிந்திருந்த அபோட்டாபாத் வீட்டில் தொலைபேசியும் இல்லை, இணையமும் இல்லை. அவரது செய்திகளைச் சுமந்த தூதரும் அத்தூதரின் சகோதரரும் குடும்பங்களோடு அதே வளவில் வாழ்ந்தனர். அந்நியன் காட்டிக்கொடுப்பான், இரத்தம் காட்டிக்கொடுக்காது என்பதே இவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கைப் பிழையாக்கக் கூடியவர்களும் வீட்டிலேயே இருக்கிறார்கள். அமெரிக்காவில் டெட் கசின்ஸ்கி என்பவர் 17 ஆண்டுகளாகக் குண்டுகளை அனுப்பி மூவரைக் கொன்றார். பொலிஸாரால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1995இல் அவரது நீண்ட கட்டுரை பத்திரிகையில் வெளியானது. முதலில் சந்தேகித்தவர் அவரது தம்பியின் மனைவி. பிறகு தம்பி, அது அண்ணனின் எழுத்தேதான் என்று அறிந்து அதிகாரிகளிடம் சொன்னார். அண்ணனுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று மன்றாடியவரும் அவரே. பலரது உயிர் தப்பியது, அண்ணனின் உயிரும் தப்பியது.

பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு சூரா அந்நிஸா நமக்குக் கட்டளையிடுகிறது. ஆனால் நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. 2019க்குப் பின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றமற்றவர்களும் அடைபட்டதை நாம் பார்த்தோம். "சொன்னால் பிள்ளை திரும்பி வருவானா?" என்று ஒரு உம்மா அஞ்சுவது நியாயமே. அந்த அச்சத்தைப் போக்கும் கடமை அரசுக்கு உண்டு. நமக்குள்ள கடமை, காரியம் பொலிஸ் வரை போகும் முன்பே வீட்டில் வாய் திறப்பது.

தாடியும் தொழுகையும் ஆபத்தின் அடையாளங்கள் அல்ல. மற்ற மனிதரின் உயிர் பெறுமதியற்றது என்ற பேச்சும், "வாப்பாவிடம் சொல்லாதே" என்று தங்கையின் வாயைப் பூட்டுவதும்தான் அடையாளங்கள். தோழியரே, அவ்வாறான இரகசியத்தைச் சுமக்காதீர்கள். வீட்டுப் பெரியவரிடமோ நம்பிக்கையான ஆசிரியையிடமோ அன்றே சொல்லுங்கள். பெற்றோரே, "நானா பேசுவது சரியில்லை" என்று மகள் வந்து சொன்னால், "உனக்கு என்ன தெரியும், பேசாமலிரு" என்று அடக்கிவிடாதீர்கள். அவளை உட்கார வைத்து முழுவதையும் கேளுங்கள்.