பேச்சு வராத பிள்ளைக்கு எந்த மொழியிற் சிகிச்சை?

வெங்காயப் பாத்தியையும் மீன்வாடியையும் நம்பி வாழும் மாம்புரியிலே, மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையின் பெற்றோருக்கு ஊரார் கூறும் ஆறுதல், "ஆண்பிள்ளை சுணங்கித்தான் பேசும்" என்பதே. காது கேட்கின்றதா என்று பார்ப்பதற்குள்ளேயே ஆண்டுகள் இரண்டு கழிந்துவிடும். பின்னர் பேச்சுச் சிகிச்சையாளரைத் தேடிப் புறப்படும்போதுதான் தொல்லை விளங்கும்.

இந்நாட்டில் இத்துறைக்கு வயது அதிகமில்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம் 1997இல் டிப்ளோமாப் பயிற்சியைத் தொடங்கிற்று; பின்னர் பட்டப்படிப்பும் வந்தது. புத்தளம் புகையிரதப் பாதை பிரதான பாதையோடு சேருவதும் ராகமையிலேதான். பாதை சேர்ந்தென்ன? நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை வாரந்தோறும் கடக்க, நாட்கூலிக்குத் தோட்டத்தில் நிற்கும் தாயால் இயலுமா? இச்சிகிச்சை போத்தலிற் கொடுத்தனுப்பும் மருந்தன்று. மாதக்கணக்கில் தொடரவேண்டும், வீட்டிலும் பயிற்றவேண்டும்.

தூரத்தினும் பெரிய தடையொன்று உண்டு. பிற வைத்தியத்தில் மொழி, நோயைக் கேட்டறியும் வழி மாத்திரமே. இங்கோ மொழியே மருந்து. மாம்புரிப் பிள்ளை 'வாளப்பளம்' என்றால் அது குறையன்று; நம் நாட்டுப் பேச்சுவழக்கிற் பெரும்பாலோர் 'ழ'வை அப்படித்தான் ஒலிக்கின்றனர். அதே பிள்ளை 'பப்பம்' என்று மட்டும் சொல்லுமாயின் கவனிக்கவேண்டியதே. இந்த வேற்றுமையை, தமிழறியாத சிகிச்சையாளர் எத்துணைத் திறமைசாலியாயினும் எவ்வாறு காண்பார்? பாரிசவாதத்தாற் பேச்சிழந்த முதியவருக்கும் இதுவே கதி. அவரிடம் எஞ்சியிருக்கும் இரண்டொரு சொற்களும் தமிழ்ச் சொற்களல்லவா?

சட்டத்தைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் அரசாங்க அலுவலரோடு தமிழிற் கருமமாற்றும் உரிமையைத் தந்துள்ளது. ஆகவே மனு எழுதும் தந்தைக்குத் தமிழிற் பதில் கிடைக்கவேண்டும். பேசமுடியாத அவருடைய பிள்ளை மாத்திரம் அந்நிய மொழியிற் பேசக் கற்கவேண்டுமோ?

சுகாதார அமைச்சைக் கேட்கின்றோம்: புத்தளம் மாவட்டத்துப் பேச்சுச் சிகிச்சையாளர் பதவிகளுள் ஒன்றுக்கேனும் தமிழறிவைக் கட்டாயத் தகுதியாக்குக. அவர் மாதத்திற் சில நாட்கள் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வந்து சிகிச்சையளிக்கவும் ஒழுங்கு செய்க. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: வைத்தியர் பதவியொன்றையே கண்ணாற் பார்க்காது, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இப்பட்டப்படிப்பையும் எழுதுங்கள். பெற்றோர் அதுவரை காத்திராது, ஒன்றரை வயதிற் சொல்லொன்றும் வராத பிள்ளையைக் குடும்பநல மாதுவிடம் காட்டி, முதலிற் செவிப் பரிசோதனைக்கு அனுப்புமாறு கேட்கட்டும்.