அலிகேட்ஸ் சொல்லித் தரும் மொழிப்பாடம்

மலாய் வானொலியில் பழைய பாடல்கள் ஒலிக்கும் நேரத்தில் "ஜிக்கா காவ் பெர்ச்சிந்தா லாகி" எப்படியும் ஒருநாள் காதில் விழும். நாசி கண்டார் கடையிலும் பேருந்திலும் அதைக் கேட்டு வளர்ந்த நம் மாணவர்கள் பலருக்கு, அந்தக் குழுவை நடத்தியவர்கள் நம் பினாங்கைச் சேர்ந்த இந்தியச் சகோதரர்கள் என்பது தெரியாது. ஒருவர் லோகநாதன் ஆறுமுகம். மற்றவர் டேவிட் ஆறுமுகம். குழுவின் பெயர் அலிகேட்ஸ்.

1960களின் இறுதியில் பினாங்கில் தொடங்கிய குழு அது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் சோல் இசையும் நடன இசையும் உலகை ஆட்டிப்படைத்த காலம். லோகநாதனின் அடர்ந்த சுருள்முடியே அந்தக் காலத்தின் அடையாளமாக இருந்தது. உள்ளூர் மேடைகளிலும் ஹாங்காங் இரவு விடுதிகளிலும் ஆங்கிலப் பாடல்களைப் பாடித்தான் அவர்கள் தொழில் பழகினார்கள். மலாய்ப் பாடல்களால் நாடறிந்தது 1970களின் பிற்பகுதியில்தான். அதாவது, புகழுக்கு முன் ஏறக்குறைய பத்தாண்டு உழைப்பு இருந்தது. ஒரே இரவில் பிரபலமாக நினைக்கும் நம் தலைமுறை இதைக் கவனிக்க வேண்டும்.

அவர்கள் பாடிய பல பாடல்களுக்கு எம். நாசிர் இசையமைத்தார். மலாய்க் கவிதையின் நயத்தை உள்வாங்கி, சொல் சிதையாமல், உணர்வு குறையாமல் பாடியதால்தான் மலாய் ரசிகர்கள் அவர்களைத் தங்கள் பாடகர்களாக ஏற்றுக்கொண்டார்கள். 'லோகநாதன்' என்ற பெயர் கடைசிவரை லோகநாதனாகவே இருந்தது.

நம்மில் பலர் மலாய்மொழியை எஸ்.பி.எம். தேர்வுத்தாளாக மட்டுமே பார்க்கிறோம். 'ஏ' கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற கூச்சத்தில் வகுப்பில் வாய் திறப்பதில்லை. பிறகு பல்கலைக்கழகத்தில் படைப்பு செய்யவும் நேர்முகத் தேர்வில் பதில் சொல்லவும் தடுமாறுகிறோம். நம்மிடம் திறமை இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லும் மொழிதான் துணைக்கு வருவதில்லை.

"அப்படியானால் தமிழை விட்டுவிடுவதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்ப்பள்ளிகளைக் காக்கப் போராடும் சமுதாயத்தில் இந்தப் பயம் இயல்பானது. ஆனால், ஒரு மொழியில் தேர்ச்சி பெற இன்னொன்றை இழக்க வேண்டியதில்லை. தமிழில் கதை எழுதும் மாணவர், மலாய்ப் பேச்சுப் போட்டியிலும் பெயர் கொடுக்கலாம். இரண்டிலும் வெல்பவரை யாராலும் ஒதுக்க முடியாது.

லோகநாதன் 2007 ஜூன் மாதம் மறைந்தார். டத்தோ டேவிட் ஆறுமுகம் 2025 மார்ச் மாதம் மறைந்தபோது, இன வேறுபாடின்றி ரசிகர்கள் வருந்தினார்கள். அந்த அன்பைச் சட்டம் போட்டுப் பெற முடியாது. ஒரு மொழியை மனத்தால் பேசியவர்களுக்கே அது கிடைக்கும்.

மாணவர்களே, அடுத்த முறை அந்தப் பாடலைக் கேட்டால் வரிகளின் பொருளையும் தேடிப் பாருங்கள். நாளை வகுப்பில் முதல் ஆளாகக் கையை உயர்த்தி மலாயில் பேசுங்கள். தவறு வந்தால் வரட்டும். அலிகேட்ஸ் குழுவினரும் பயிற்சி செய்துதான் பாடகர்கள் ஆனார்கள்.