தானாக வராத பொறுப்பு

"பையன் படிக்கட்டும், சம்பாதிக்கட்டும், வீட்டுப் பொறுப்பு கல்யாணமானால் தானாக வந்துவிடும்" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வந்திருந்தால், 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் அது தெரிந்திருக்கும். 6 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 சதவீதத்தினர் ஒரு நாளில் கூலியில்லாத வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதத்தினர்தான். செய்தவர்களிலும் பெண்ணுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆணுக்கு 97. ஆண் வெளியே உழைத்துக் களைத்து வருகிறான் என்பார்கள். வேலைக்குப் போகும் பெண்ணும் களைத்துத்தானே வருகிறாள்? அதைவிட, சம்பாத்தியமே இல்லாத பள்ளி வயதில் அக்கா பாத்திரம் துலக்க, தம்பி விளையாடப் போவது எந்த உழைப்பின் பெயரால்?

சமையல் ஆண் கைக்கு வராது என்பதும் பொய். கல்யாணப் பந்திக்குச் சமைப்பவர்களும் பரோட்டா மாஸ்டர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான். கூலி கிடைக்கும் இடத்தில் ஓடியாடும் கை வீட்டில் மட்டும் முடங்கிப்போவது வளர்ப்பின் கோளாறு. மகனுக்கும் இதில் நஷ்டம் உண்டு: வெளியூர் அறையிலும், முதுமையில் துணையை இழந்த வீட்டிலும், கஞ்சி காய்ச்சத் தெரியாமல் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறான். சாப்பிட்ட தட்டைக் கழுவு என்று பத்து வயதுப் பையனிடம் சொல்ல, அவன் கல்யாணம்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?